விருந்தாளி கண்ட சுவீடன்

வெளிநாடு சென்று திரும்பும் கலைஞர்களின் சொல்லைக் கேட்டு ஒரு நாட்டுக்கு நற்சான்றிதழ் வழங்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. ஸ்கன்டிநேவிய நாடுகளென்றால் கேட்கவே வேண்டாம். இவ்வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை.

அமெரிக்கக் கறுப்பின இசைமேதை டியூக் எலிங்ரன் 1939 இல் தமது வாத்தியக் குழுவுடன் ஐரோப்பா சென்றார். ஏப்ரல் 29 ஆம் திகதி, அவரது நாற்பதாவது பிறந்தநாள் ஸ்ரொக்ஹோமில் புலர்ந்தது. உள்ளூர் வாத்தியக் குழுவொன்று விடுதிக்கே வந்து அவரை இசையால் துயிலெழுப்பியது. சொந்த நாட்டின் தென்மாநிலங்களில் விடுதிகள் இடந்தர மறுத்தமையால் தனி ரயில் பெட்டிகளில் உறங்கிப் பயணஞ்செய்த குழு அது. அவர்கள் நெகிழ்ந்துபோனதில் வியப்பில்லை. சுவீடனுக்கென்றே ஓர் இசைப்படைப்பையும் எலிங்ரன் ஆக்கினார். அந்த நன்றியுணர்வை நான் குறைகூறவில்லை.

ஆயினும், அதே ஆண்டு பெப்ரவரியில் உப்சாலா பல்கலைக்கழக மாணவர்கள் கூடி, யூத அகதி மருத்துவர் சிலரை நாட்டுக்குள் அனுமதிப்பதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தனர். அரசாங்கம் நிறுவிய இன உயிரியல் நிறுவனமொன்று அந்நகரில் 1922 முதல் இயங்கிவந்தது. 1935 முதல் 1975 வரை 60,000 க்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். வற்புறுத்தலுக்கு உள்ளானோர் பலர். இவற்றில் எதுவும் இசை மண்டபத்தின் மேடையிலிருந்து தெரிந்திருக்க நியாயமில்லை.

1943 இல் டென்மார்க்கிலிருந்து தப்பிவந்த 7,000 க்கும் மேற்பட்ட யூதர்களுக்கு இதே சுவீடன் புகலிடம் அளித்ததே என்று சிலர் வாதிடலாம். உண்மை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் அறமாகாது.

சுவீடன் தன் தவறைத் திருத்த முற்பட்டதற்குக் காரணம் விருந்தாளிகளின் புகழுரையன்று. 1997 இல் 'டாகென்ஸ் நீஹெத்தர்' நாளிதழ் அக்கருத்தடைக் கொடுமையை விரிவாக எழுதியது. நாடே அதிர்ந்தது. 1999 இல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க நாடாளுமன்றம் சட்டமியற்றியது. பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன் என்ற முறையில் இதை நான் அழுத்தியே சொல்வேன்.

ஆகவே, ஒஸ்லோவிலிருந்தோ ஸ்ரொக்ஹோமிலிருந்தோ திரும்பும் பாடகரிடம் மேடையைப் பற்றிக் கேளுங்கள். நாட்டைப் பற்றி அறிய வேண்டுமாயின், அதன் எல்லையிலிருந்து திருப்பியனுப்பப்பட்டவரையும் தேடிச்சென்று கேளுங்கள்.