சம்மதம் கேட்கும் சடங்கு

ஐரோப்பாவின் மத்திய காலத்து வீரப் பிரபுக்கள் பெண்ணினத்தைத் தலைமேல் வைத்துப் போற்றினார்கள் என்பார் அநேகர். ஆங்கிலப் பள்ளிப் புத்தகங்களில் நாம் படித்ததும் அதுவே. வீரன் பெண்ணின் முன் மண்டியிட்டான் என்பர். நல்லது. மணம் முடிந்த பின் அவன் செய்ததென்ன? அவ்வீரர்களைப் புகழ்ந்த ஜெர்மானியக் காவியங்களையே சாட்சிக்கு அழைப்போம்.

ஏறக்குறைய 1200-ஆம் ஆண்டில், பெயரறியாப் புலவர் ஒருவர் இயற்றியது நிபெலுங்கர் காவியம். ரைன் நதிக்கரையிலுள்ள வொர்ம்ஸ் நகரத்து அரசன் குந்தர், தன்னைப் போட்டியில் வெல்பவனையே மணப்பேன் என்ற புரூன்ஹில்டு அரசியை விரும்பினான். அவளை வெல்லும் வலிமை அவனுக்கில்லை. சீக்பிரீடு என்னும் வீரன் மாயப் போர்வையில் மறைந்து நின்று அவனுக்காக வென்று கொடுத்தான். அதற்குப் பேசிய கூலி யாது? குந்தரின் தங்கை கிரீம்ஹில்டு!

மணநாளில் அவளைச் சபை நடுவே நிறுத்திச் சம்மதம் கேட்டார்கள். அவளும் நாணத்தோடு இசைந்தாள். அவள் சீக்பிரீடை விரும்பியது மெய்யே. விரும்பாதிருந்தால்? அண்ணன் வாக்களித்து, கூலிக்குரிய வேலையும் முடிந்த பின், மறுத்துரைக்க அவளுக்கு இடமேது?

புரூன்ஹில்டின் கதி இன்னும் கொடிது. தன்னைத் தீண்ட வந்த குந்தரை அவள் முதலிரவில் கட்டி ஆணியில் தொங்கவிட்டாள். மறுநாள் இரவு சீக்பிரீடே மறைந்து வந்து, அவளை அடக்கிக் குந்தரிடம் ஒப்படைத்தான். இதற்குப் பெயர் வீரமாம்!

இவ்விரகசியத்தைக் கிரீம்ஹில்டு சபையறியச் சொன்னபோது சீக்பிரீடு அவளை அடித்தான். பின்னர் ஹாகன் அவனை வஞ்சித்துக் கொன்றான். அவளுக்குரிய மணப்பரிசாகிய பெரும் புதையலையும் பறித்து ரைன் நதியில் மூழ்கடித்தான். ஆண்டுகள் பல கழித்து அவள் தன் கையாலேயே ஹாகனைக் கொன்றாள். உடனே ஹில்டபிராண்டு அவளை வெட்டி வீழ்த்தினான். அங்கே ஆண்கள் வருந்தியது எதற்கு? இத்தகைய மாவீரன் ஒரு பெண்ணின் கையால் மடிந்தானே என்பதற்கு!

ஹார்ட்மன் இயற்றிய ஏரெக் காவியத்திலோ, கணவன் மனைவியை வழியெங்கும் வாய் திறவாதே என்று உயிர்த்தண்டனை சொல்லி அச்சுறுத்துகிறான். பகைவர் வருவதைச் சொல்லி அவன் உயிரைக் காத்தமைக்கு அவளுக்குக் கிடைத்த பரிசு, குதிரைகளை மேய்த்து ஓட்டும் வேலை.

“அக்காலத்து வழக்கம் அது, இக்காலத்து நியாயம் கொண்டு அளக்கலாமா?” என்பர் சிலர். இது பொருந்தாது. விவாகத்தை ஆக்குவது இருவர் சம்மதமே என்று போப் மூன்றாம் அலெக்சாந்தர் (1159–1181) காலத்திலேயே கிறிஸ்தவத் திருச்சபை வகுத்துவிட்டது. பார்சிவால் பாடிய வோல்பிராமோ, குற்றமற்ற மனைவி எஷூட்டேயைச் சந்தேகித்துக் கந்தலாடையுடன் அலையவிட்ட கணவனின் கொடுமையை இரக்கத்தோடு காட்டினார். ஆகவே, அநீதி இன்னதென்று அக்காலத்தார் அறியாதவரல்லர்; அறிந்தும் கைவிடாதவர்.

வாசகர்களே! பெண்ணைத் தெய்வமென்று பாடுவது எளிது, பாட்டுக்குச் செலவில்லை. அவள் “வேண்டேன்” என்று சொன்னால் அச்சொல் செல்லுமா என்பதே கேள்வி. அது செல்லாத இடத்தில், சபை நடுவே நிறுத்திச் சம்மதம் கேட்பது வெறும் சடங்கே. அச்சடங்கைப் பெண்ணுரிமை என்று நம்மிடம் விற்க வருவோரை நாம் நம்போம்.