செட்டர் இடத்தில் யார் நிற்பது?

என் அக்கா மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். சென்னையில் ஒரு கல்லூரி தன் வாலிபால் அணிக்கு அடுத்த வாரம் ஆள் எடுக்கிறது. அந்த ட்ரயலுக்குப் போகிறாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தால் கட்டணம் இல்லை. விடுதியும் சாப்பாடும் கல்லூரியின் செலவு. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வண்டி போகிறது, பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிற தேர்வின் மேல் ஒரு பெண்ணின் அடுத்த பத்து வருடம் நிற்கிறது.

“மாமா, நான் எப்படி ஆடறேன்? பொய் சொல்லாத” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

அவள் செட்டர். வாலிபாலில் ஓர் அணி மூன்று தொடுதலுக்குள் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். முதல் தொடுதல் சர்வீஸை எடுப்பது. மூன்றாவது அடிப்பது. நடுவில் இருக்கும் இரண்டாவது தொடுதல் செட்டருடையது. யாருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது, எவ்வளவு உயரத்தில் கொடுப்பது, எதிரணியின் பிளாக்கரை எந்தப் பக்கம் ஏமாற்றுவது என்பதையெல்லாம் ஒரு நொடிக்குள் முடிவு செய்கிறவர் அவர். கைதட்டல் அடிக்கிறவருக்குப் போகும். ஆட்டத்தை நடத்துவது செட்டர்தான்.

அவளுடைய பலம், மோசமான பந்தை நல்ல பந்தாக மாற்றுவது. எங்கள் காலனி மைதானம் மண் தரை. கிழக்குப் பக்கம் சரிவு. அங்கே முதல் பாஸ் செட்டர் கைக்கு நேராக வருவது அபூர்வம். அதனால் ஓடிப்போய், பந்துக்கு அடியில் நுழைந்து, அடிக்கக்கூடிய பந்தாகத் தூக்கிக் கொடுக்கப் பழகியிருக்கிறாள். இன்னொன்று, அடித்துத் தவறவிட்ட தோழிக்கே அடுத்த பந்தையும் கொடுப்பாள். அதைப் பிடிவாதம் என்பார்கள் சிலர். ஓர் அணியைக் குலையாமல் வைத்திருப்பது அந்தப் பழக்கம்தான் என்பேன் நான்.

குறைகளும் உண்டு. முதுகுக்குப் பின்னால் கொடுக்கும் பேக் செட் தாழ்ந்து போகிறது. சர்வீஸில் வேகம் இல்லை. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பெண்கள் நெட்டின் உயரம் 2.24 மீட்டர். அவள் முன்வரிசைக்கு வரும்போது எதிரணி அவள் தலைக்கு மேலே அடிக்கும். மரத்தரை மைதானத்தில் ஒருமுறைகூட ஆடியதில்லை. நல்ல பயிற்சி கிடைத்தால் இரண்டு வருடத்தில் கல்லூரி அணியை நடத்துவாள் என்பது என் கணிப்பு. இதையெல்லாம் அப்படியே அவளிடம் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தேர்வாளர்கள் அவளை செட்டராகப் பார்ப்பார்களா என்பதுதான் என் பயம்.

பல வருடங்களுக்கு முன்னால் நானும் இப்படி ஒரு ட்ரயலுக்குப் போனேன். மணவூரிலிருந்து விடியற்காலை மின்சார ரயில், தோளில் ஒரு பை, கையில் சான்றிதழ் நகல்கள். பெயர் எழுதிக்கொண்டவர் எந்த ஊர் என்று கேட்டார். மணவூர் என்றேன். “ஊரா, காலனியா?” என்றார். காலனி என்றேன். நான் செட்டர் என்பதையும் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நல்லா எகிறுற. செட்டிங்லாம் யோசிச்சு ஆடற வேலை. நீ பிளாக்குக்கு நில்லு” என்றார். அன்று முழுக்க இரண்டாவது பந்தைத் தொடும் வாய்ப்பே எனக்கு வரவில்லை. என் உயரம் ஐந்தடி ஏழு. ஆறடிக்கு மேல் வளர்ந்த பையன்களுக்கு நடுவில் பிளாக்கராக நிறுத்திவிட்டு, மதியம் பட்டியல் போடும்போது எனக்கு எதிரே எழுதிய காரணம்: உயரம் போதாது.

அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. அவமானப்படுத்தவும் இல்லை. சிரித்த முகத்தோடு என் கால்களைப் பாராட்டினார். காலனி என்றால் உடம்பு, உடம்பு என்றால் எகிறுவது, யோசிப்பது வேறு ஆட்களின் வேலை. இந்தக் கணக்கு அவர் மனதில் நான் பந்தைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது. ரயிலில் திரும்பி வரும்போதுகூட எனக்கு இது சாதி என்று தோன்றவில்லை. என் உயரத்தைத்தான் நொந்துகொண்டேன்.

இதே கணக்கு வேறொரு நாட்டில் எப்படி ஓடியது என்பதைப் பிறகு படித்தேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. ஆட்டத்தின் மூளை என்று அதைச் சொல்வார்கள். நம்முடைய செட்டரைப் போல, யாருக்குப் பந்து என்று முடிவெடுப்பவர். அங்கே பள்ளிக்கூடப் பையன்களைக் கல்லூரி அணிகளுக்காக எடைபோடுவது பெரிய வியாபாரம். ஒவ்வொரு பையனுக்கும் ஐந்து நட்சத்திரம் வரை போட்டுப் பட்டியலே வெளியிடுகிறார்கள். அந்த நாட்டில் கறுப்பினப் பையன்கள் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக எவ்வளவு நன்றாக ஆடினாலும், கல்லூரிக்குப் போகும்போது “நீ வேகமாக ஓடுகிறாய், வேறு இடத்தில் ஆடு” என்று மாற்றுவது பல காலம் வழக்கமாக இருந்தது.

வாரன் மூன் இடம் மாற மறுத்த ஒருவர். வாஷிங்டன் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக்காக 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தை வென்றார். அந்த வருடத் தேர்வில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லின் ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போனார், எட்மன்டன் அணிக்கு 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, 1984-ல்தான் என்.எஃப்.எல்-லில் ஆட முடிந்தது. 2006-ல் அந்த விளையாட்டின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018-ல் லமார் ஜாக்சன் தேர்வுக்கு வந்தபோதும், இவர் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறலாம் என்று பெரிய நிர்வாகிகள் பேசினார்கள். அடுத்த வருடமே அவர் குவார்ட்டர்பேக்காக லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

தேர்வாளர்கள் எல்லோர் விஷயத்திலும் தவறு செய்கிறார்கள், இதில் நிறம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். வெள்ளையரான டாம் பிராடி 2000-ல் 199-வது ஆளாகத்தான் தேர்வானார். பிறகு ஏழு சூப்பர் பவுல் வென்றார். ஆனால் அவர் நல்ல குவார்ட்டர்பேக்கா, சுமாரான குவார்ட்டர்பேக்கா என்பதில்தான் தேர்வாளர்கள் தவறினார்கள். மூனுக்கும் ஜாக்சனுக்கும் அந்த இடத்தில் நிற்கவே உரிமை உண்டா என்பது கேள்வியானது. இரண்டும் ஒரே வகைத் தவறு ஆகாது.

நம் நாட்டில் இதற்கு நூறு வருடத்துக்கும் மேலான சான்று இருக்கிறது. பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். புனேவில் ஐரோப்பியர்களின் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்து, வலைப்பயிற்சியில் அவர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். பேட் பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் பெவிலியனுக்கு வெளியே, தனியாக மண் குவளையில்தான் அவருக்குத் தேநீர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர். அந்த அணியின் கேப்டன் பாட்டியாலா மகாராஜா. பம்பாயில் நடந்த போட்டிகளில் இந்து அணிக்குப் பல வருடம் ஆடியும் பாலுவுக்குக் கேப்டன் பதவி கிடைக்கவே இல்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-ல் கிடைத்தது, அதுவும் நீண்ட சண்டைக்குப் பிறகு.

பந்து வீச்சு உழைப்பு என்பதால் பாலுவுக்கு. கேப்டன் பதவி அறிவு என்பதால் மற்றவர்களுக்கு. வேலையை மட்டும் சாதி பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதியதை ஒரு விளையாட்டு மைதானத்தில் நின்று பார்த்தாலே புரியும். “பந்துக்குச் சாதி தெரியாது” என்று பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பந்துக்குத் தெரியாது, சரி. அது யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவருக்கு?

இதை எழுதும்போது என்னையும் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. மாலை நேரங்களில் காலனிப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஏரிக்கரைப் பக்கமிருந்து ஓர் இருளர் வீட்டுப் பையன் வந்தான். முதல் நாளே அவனைப் பின்வரிசையில் நிறுத்தி, “உனக்குக் கால் வேகம்டா, விழுற பந்தையெல்லாம் நீ எடு” என்றேன். எட்டு மாதம் அங்கேயே ஆடினான். ஒருநாள் செட்டர் வராததால் அவனை நிறுத்தினேன். பந்து அவன் விரல்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்து கிளம்பியது. எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னிடம் “எகிறுற” என்று சொன்ன அந்த மனிதர் எனக்குள்ளும் இருந்திருக்கிறார். நமக்குக் கீழே ஒருவரை நிறுத்த நமக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது இந்தப் படிநிலை. அதனால் இது ஒரு கெட்ட தேர்வாளரின் கதையாக முடியாது. தேர்வு நடக்கும் முறையையே மாற்ற வேண்டும்.

மாற்றுவது கஷ்டமான காரியமும் இல்லை. ட்ரயலுக்கு வரும் ஒவ்வொருவரையும் அவர்கள் கேட்கும் இடத்திலேயே குறைந்தது ஒரு முழு செட் ஆட விட வேண்டும். இடமாற்றம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். ஊர், தெரு, அப்பாவின் வேலை போன்ற கேள்விகள் மைதானத்தில் கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பு தேர்வு முடிந்த பிறகு அலுவலகத்தில் நடக்கட்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். விடுபட்டவர்களுக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ‘தலைமைப் பண்பு’ என்ற பெயரில் ஆங்கிலப் பேச்சுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். தேர்வாளர்கள் குழுவில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், எதை அளக்கிறோம் என்பது. குதிக்கும் உயரத்தையும் ஓடும் நொடியையும் அளப்பது சுலபம். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து பயிற்சியாளரும் முட்டையும் பாலும் உள்ளரங்க மைதானமும் கிடைத்த பெண்ணையும், மண் தரையில் தானாகக் கற்றுக்கொண்ட பெண்ணையும் ஒரே நாளில் ஒரே கோட்டில் நிறுத்தினால், அங்கே அளக்கப்படுவது அவர்கள் கடந்துவந்த ஆறு வருட வசதிதான். கல்லூரிக்குத் தேவை அடுத்த மூன்று வருடம். ஒரு புதிய விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். யார் எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்பது தெரியும்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானின் யோஷியே தகேஷிதாவின் உயரம் 159 சென்டிமீட்டர். செட்டர். 2006 உலகப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றபோது அணியை நடத்தியதும் அவர்தான். உயரம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. உயரம் குறைந்த ஒருவரை நம்பி அணியை ஒப்படைக்க ஜப்பானில் யாரோ தயாராக இருந்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அளவுக்கு ஆடிக் காட்ட முதலில் ஓர் அணி வேண்டும், அணிக்குள் ஓர் இடம் வேண்டும். அந்தக் கதவு இப்படிப்பட்ட ட்ரயல்களில்தான் திறக்கிறது, மூடுகிறது. படிப்பில் ‘தகுதி, திறமை’ என்று நம்மை வெளியே நிறுத்தியவர்களோடு நூறு வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். மைதானத்தில் அதே வார்த்தைகளைக் கேள்வி கேட்காமல் விட்டுவைத்திருக்கிறோம். உடற்கல்வி படிக்கிற தோழர்களே, நாளை அந்த நாற்காலிகளில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். உங்கள் முன்னால் வந்து நிற்கிறவரிடம் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் நானும் அவளோடு ரயிலில் போகிறேன். “பிளாக்குக்கு நில்லுன்னு சொன்னா என்ன பண்றது மாமா?” என்று நேற்று கேட்டாள். என் பழைய கதையை அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். “நிக்கறேன், ஆனா முதல்ல ஒரு செட் செட்டரா ஆடிட்டு நிக்கறேன்னு சொல்லு” என்றேன். சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குரல் இன்னும் கொஞ்சம் உயர வேண்டும். பேக் செட்டும்தான்.