பெட்டரியை மாற்ற முன் எர்த் வயரைப் பாருங்கள்



பாடசாலை, பரீட்சை என்றே எழுதும் நாங்கள் இன்று வாகனத்தின் எர்த் வயரைப் பற்றி எழுதுகிறோம். நீளமான பதிவுதான். ஆனால் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு நாலு காசு மிஞ்சும், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் டொல்பின் வேன் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டும் காக்காவுக்கு அந்த வேன்தான் குடும்பத்தின் சோறு. சில மாதங்களாகக் காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் மூன்றாவது தடவையில் ஸ்டார்ட் ஆகும். சில நாள் தள்ளத்தான் வேண்டும்.

கராஜில் பெட்டரி போய்விட்டது என்றார்கள், புதுப் பெட்டரி போட்டார். இரண்டு வாரம் நன்றாக இருந்து மீண்டும் அதே கதை. ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார்கள், கழற்றி பிரஷ் மாற்றினார். பிறகு ஒல்டநேட்டர் என்றார்கள். அதற்குள் மனைவியின் வளையல் ஈட்டுக்குப் போய்விட்டது. கடைசியில் சாதாரண தரப் பரீட்சை நடந்த ஒரு காலையில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்த பிறகு வேன் அசையவில்லை. ஓட்டோ பிடித்து அனுப்பினோம். பிள்ளைகள் மண்டபத்துக்குள் போகும்போது நேரம் மட்டுமட்டு. "சேர், இனி இன்னொரு சாமான் வாங்க ஏலாது" என்று அவர் சொன்னபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிழையைக் கண்டுபிடித்தவர் இ.போ.ச. டிப்போவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு எலக்ட்ரீசியன். அவர் எந்தச் சாமானையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரை 20 வோல்ட் டீசியில் வைத்தார். ஒரு கம்பியைப் பெட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றதை எஞ்சின் புளொக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் பிடித்துக்கொண்டு, "அடியுங்க" என்றார். மீட்டர் 2 வோல்டுக்கு மேல் காட்டியது. "0.2 இருந்தா போதும். இங்க 2 போகுது. உங்கட பெட்டரியிலயும் பிழை இல்ல, மோட்டர்லயும் பிழை இல்ல. வயரப் பாருங்க."

எஞ்சினுக்கும் செசிக்கும் இடையில் உள்ள எர்த் வயரைக் கழற்றினால், வெளியே கறுப்பு உறை நன்றாக இருக்கிறது, உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்துப்போய் நாலைந்து இழைகள்தான் மிச்சம். புது வயரின் விலை ஒரு சாப்பாட்டுப் பார்சல் விலைக்கு அதிகம் இல்லை.

அங்கே நின்ற எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் ஓமின் விதியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுவது நாங்கள்தான். அழுத்த வித்தியாசம் என்பது மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. டீசல் வேனின் ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200 அம்பியர் அளவில் இழுக்கும். அந்த வழியில் 0.01 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். எஞ்சினைச் சுற்றும்போது பெட்டரி எப்படியும் 10 வோல்ட் பக்கம் இறங்கும். அதிலும் 2 போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 8. அதே 0.01 ஓம் வழியில் ஒரு ஹெட்லைட்டின் 5 அம்பியர் போனால் இழப்பு 0.05 வோல்ட்தான். அதனால்தான் லைட் பளிச்சென்று எரியும், ஹோர்னும் அடிக்கும், வேன் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. சாதாரண மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இந்தத் தடை தெரியாது. சுமை கொடுத்து, ஸ்டார்ட் அடிக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

எஞ்சின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் பெட்டரிக்குத் திரும்பிப் போக எர்த் வயரைத் தவிர ஒழுங்கான வழி இல்லை. அது கெட்டால் கிளச் கேபிள், எக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், அவை சூடாகிக் கெட்டும் போகும். நமது கரையோர ஊர்களின் உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பியைத் தின்பது செம்பு வயரை விட்டுவைக்குமா?

இதில் கராஜ்காரரைத் திட்டி முடிப்பது இலகு. ஆனால் அவர் ஏமாற்றினார் என்று நாங்கள் நினைக்கவில்லை. அளக்காமல் மாற்றுவது ஒரு பழக்கமாகிவிட்டது, அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஒரு மெக்கானிக் அரை மணி நேரம் குனிந்து பார்த்து, ஒரு வயரை இறுக்கித் தந்தால் "இதற்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் பெரிய சாமான் ஒன்றை மாற்றி பில் தந்தால் பேசாமல் கொடுக்கிறோம். பிழையைக் கண்டுபிடிக்கிற மூளைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. பிறகு சாமான்தான் மாறும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தும், விலை நம்மில் பலருக்கு எட்டாத உயரத்தில். ஆகவே இருக்கின்ற பழைய வாகனத்தைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டப்போகிறோம். அளந்து பார்க்கும் பழக்கம் நமது வீட்டுச் செலவோடு சம்பந்தப்பட்டது.

ஸ்டார்ட் பிரச்சினை வந்தால் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

முதலில் வாகனம் சில மணி நேரம் நின்ற பிறகு பெட்டரியை அளவுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12க்குக் கிட்ட என்றால் முதலில் சார்ஜ் பண்ணுங்கள்.

பிறகு கியர் நியூட்ரலில், ஹேன்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டார்ட் அடிக்க மேலே சொன்ன மாதிரி எர்த் பக்கத்தை அளவுங்கள். 0.2, 0.3க்கு மேல் போனால் அங்கேதான் பிழை. பெட்டரியின் பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த வயர் முனைக்கும் இடையில் 0.5க்கு மேல் போகக் கூடாது.

மீட்டர் இல்லையா? ஜம்பர் வயர் ஒன்றைப் பெட்டரி மைனஸிலிருந்து நேரே எஞ்சின் புளொக்குக்குப் போட்டு அடித்துப் பாருங்கள். உடனே சுற்றினால் பிழை எர்த் வயரில்தான்.

துப்புரவாக்கும்போது மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவையுங்கள். பெட்டரிக்குக் கிட்ட சிகரட் வேண்டாம். வயர் பிரஷால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வஸ்லின் பூசுங்கள்.

எர்த், பிளஸ் இரண்டும் சரி, பெட்டரியும் சரி, அப்போதும் "டக்" மட்டும்தான் என்றால் சோலனொய்டையோ மோட்டாரையோ சந்தேகியுங்கள். ஹைபிரிட் வாகனம் வைத்திருப்பவர்கள் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம், அது உயர் அழுத்தம். அதற்குப் பயிற்சி உள்ளவரிடம் போங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த தவணை மின்னியல் பாடத்தில் ஒரு நாள் அந்த வேனைப் பாடசாலை முற்றத்துக்குக் கொண்டுவருவோம். அந்தப் பழைய பச்சை பூத்த வயரையும் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தங்கள் கையால் அளக்கட்டும். சூத்திரத்தை எழுதிப் புள்ளி எடுத்த பிள்ளை, வாப்பாவின் வாகனம் நிற்கும்போது கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, எங்களைப் போல.

ஊரில் உள்ள மெக்கானிக் தம்பிமார், காக்காமார் இதில் பிழை இருந்தால் திருத்துங்கள். நீங்கள் அளந்து பார்த்து "சாமான் வேண்டாம், வயர்தான்" என்று சொல்லும் நாளில், அந்தச் சொல்லுக்கு உரிய கூலியை நாம் முகம் சுளிக்காமல் கொடுப்போம்.