பச்சை பட்டனும் ஒரு பொம்மை மெஷினும்

ஓசூரில் யாராவது வீட்டு மாடியில் சிஎன்சி மெஷின் செய்யப் போகிறேன் என்று கிளம்பினால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான்: "தம்பி, சிப்காட்ல எங்க திரும்பினாலும் சிஎன்சி தான் ஓடுது. உனக்கு எதுக்கு இந்தப் பொம்மை?"

கேட்பவருக்கு இது புத்திசாலித்தனமான கேள்வி. உண்மையில் இதைவிடத் தப்பான கேள்வி இல்லை.

1980ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளியே வந்த ஊர் இது. அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். சுற்றிலும் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகள். சரி, அங்கே வேலைக்குப் போகும் ஐடிஐ பையன் என்ன செய்கிறான்? ஜாப்பை மாட்டுகிறான், கதவைச் சாத்துகிறான், பச்சை பட்டனை அழுத்துகிறான், அளக்கிறான், எண்ணுகிறான். ஷிப்ட் முடிந்தது. கண்ட்ரோலர் ஜப்பானின் ஃபனுக் அல்லது ஜெர்மனியின் சீமென்ஸ். உள்ளே கை வைக்கக் கூடாது. பல லட்சம் ரூபாய் மெஷினை கற்றுக்குட்டியிடம் கொடுத்து "கழட்டிப் பார்" என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார், அது நியாயம்தான். ஆனால் அவன் எங்கேதான் கழட்டிப் பார்ப்பது?

இங்கேதான் அந்தப் பொம்மை வருகிறது.

2005ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவான போர்டு ஆர்டுயினோ. 2009ல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் அதில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். மோட்டார், டிரைவர், ஸ்க்ரூ ராடு எல்லாம் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு போனால் பொறுக்கிக்கொண்டு வரலாம். ஃபிரேமுக்குப் பழைய இரும்புக் கடை இருக்கவே இருக்கிறது.

பிறகு கணக்கு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் அதை 16 ஆகப் பிரித்தால் 3200. ஸ்க்ரூ ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்தினால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 ஸ்டெப். இதைக் கையால் போட்டவனுக்கு மெஷின் மந்திரமில்லை. 50 மில்லிமீட்டர் கேட்டு 49.8 வந்தால் கம்பெனியில் ஆஃப்செட்டை மாற்றிவிட்டு அடுத்த ஜாப்புக்குப் போக வேண்டும். வீட்டில், நட்டில் ஆட்டமா, மோட்டார் ஸ்டெப் விட்டதா, ஃபிரேம் வளைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். படிப்பு என்பது அதுதானே?

எதிர்த் தரப்பு சொல்வதில் உண்மையும் உண்டு. இது ஸ்டீல் வெட்டாது. கம்பெனி மெஷினின் கனமான வார்ப்பிரும்பு படுக்கைதான் அதிர்வைத் தாங்குகிறது; பிளைவுட் ஃபிரேமுக்கு அந்தத் தெம்பு கிடையாது. மரம், அக்ரிலிக், மெதுவாகப் போனால் கொஞ்சம் அலுமினியம், அவ்வளவுதான். "வீட்டிலேயே சிஎன்சி, மாதம் அரை லட்சம் வருமானம்" என்று ஆசை காட்டுபவர்களை நம்பிக் கந்து வட்டிக்குக் கடன் வாங்குவது தற்கொலைக்குச் சமம்.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், கேலி செய்பவரும் ஆசை காட்டுபவரும் ஒரே தலைப்பில் கணக்கு எழுதுகிறார்கள்: நிலையான சொத்து. சொத்து என்றால் சம்பாதிக்க வேண்டும், சம்பாதிக்காவிட்டால் நஷ்டம். இதை எழுத வேண்டிய இடம் கல்விச் செலவு. ஒரு கோர்ஸுக்குக் கட்டும் ஃபீஸ் மாதிரி. அதிலும், ஃபீஸ் கட்டினால் திரும்ப வராது; இங்கே மோட்டாரும் டிரைவரும் பவர் சப்ளையும் அடுத்த மெஷினுக்கு உதவும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஐடிஐ, பாலிடெக்னிக் ஒவ்வொன்றிலும் இதற்கு ஒரு மூலை ஒதுக்கலாம். கழித்துக் கட்டிய மோட்டார்களைக் கம்பெனிகள் எடைக்குப் போடாமல் அங்கே கொடுக்கலாம். பெரிய செலவில்லை, மனசுதான் வேண்டும்.

பச்சை பட்டனை அழுத்தும் வேலையை நாளைக்கே ஒரு ரோபோ கை செய்துவிடும். அன்றைக்கு அந்த ரோபோ நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்கள்? பொம்மை செய்தவனையா, சிரித்தவரையா?