ரீமேப் செஞ்ச காருக்கு ‘ரேஸ் கிளட்ச்’ தேவையா? சிறுமலை ஏறுறவங்க யோசிக்க வேண்டியது

செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ பெட்ரோல் கார், அடுத்த மாசமே இசியூ ரீமேப். கொஞ்ச நாளில், டாப் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறுது, வேகம் மட்டும் ஏற மாட்டேங்குது. கிளட்ச் ஸ்லிப் ஆகுது. உடனே நண்பர்கள் சொல்ற தீர்வு, ‘செராமிக் ரேஸ் கிளட்ச் போட்டுடு’. திண்டுக்கல்லில் ஓடுற காருக்கு இது பெரும்பாலும் தப்பான செலவு.

கிளட்ச் தாங்க வேண்டியது பவரை இல்ல, டார்க்கை. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸோடு சேர்ந்து டாடா 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபியையே எடுத்துக்கலாம். சாதாரண பெட்ரோல் டியாகோவில் 114 நியூட்டன் மீட்டர் டார்க், ஜேடிபியில் 150. கம்பெனி கொடுத்த கிளட்ச் அந்த 150-க்கும் அதுக்கு மேல கொஞ்சத்துக்கும்தான் கணக்கு. ரீமேப் அந்த ‘கொஞ்சத்தை’ சாப்பிட்டுடும்.

ரெண்டு உள்ளங்கையை அழுத்தி வச்சு ஒண்ணைத் திருப்பிப் பாருங்க. வழுக்காம இருக்கணும்னா இன்னும் பலமா அழுத்தணும், இல்லைன்னா கை சொரசொரப்பா இருக்கணும். கிளட்சிலும் அதேதான். பிரஷர் பிளேட்டை பலமாக்கினால் பெடல் கனமாகும். பஸ் ஸ்டாண்டு டிராஃபிக்கில் இடது காலுக்குத் தெரியும். பிளேட்டில் செராமிக் போட்டால் பிடி கூடும், ஆனா பாதி கிளட்ச்னு ஒண்ணு ஏறக்குறைய இருக்காது. விட்டா பிடிக்கும், இல்லைன்னா பிடிக்காது.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அது பிரச்சினை இல்ல. சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வந்தா ஏற்றத்துலேயே நிறுத்தி, மெதுவா மறுபடி கிளப்பணும். அங்க கார் குலுங்கி ஆஃப் ஆகி, பின்னாடி பைக்காரர் மேல உருண்டா யார் பொறுப்பு?

அதனால ரோட்டுக்கு நல்லது, கூடுதல் அழுத்தம் உள்ள பிரஷர் பிளேட்டோடு ஆர்கானிக் பிளேட்தான். கெவ்லார் கலந்ததும் மென்மையா பிடிக்கும். ஆனா ஒருமுறை நல்லா சூடாகி வழவழப்பாயிட்டா பழைய பிடி திரும்புறது கஷ்டம். ரீமேப்புக்குப் பிறகு 200 நியூட்டன் மீட்டர் வருதுன்னா, 250 தாங்குற செட் போதும். 400 தாங்குறதை வாங்குறது வெறும் பந்தா.

அதுக்கும் முன்னாடி, ஸ்லிப்புக்குக் காரணம் என்னன்னு பார்க்கணும். கிராங்க் ஆயில் சீல் கசிஞ்சு பிளேட் நனைஞ்சிருந்தா எந்த கிளட்ச் போட்டாலும் வழுக்கும். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கப் போறாங்க. சீல், ரிலீஸ் பேரிங் ரெண்டையும் அப்பவே மாத்திடலாம், ஃப்ளைவீலையும் பார்க்கச் சொல்லலாம். புது பிளேட் செட் ஆக முதல் 500 – 800 கிலோமீட்டர் டவுனுக்குள்ளயே நிதானமா ஓட்டணும். சிறுமலைக்கு அப்புறம் போகலாம்.