மரை போனால் எஞ்சினே போச்சா?

நான் பி.காம். மாணவன். டெபிட், கிரெடிட் பேச வேண்டியவன் எஞ்சின் ஸ்டட்டைப் பற்றி எழுதினால் "இவனுக்கு மரை கழண்டுருச்சா?"ன்னுதான் கேட்பீங்க. கழண்டது உண்மைதான். ஆனால் எனக்கில்லை, அப்பாவோட பைக்குக்கு :-) கழட்டிவிட்ட புண்ணியவான் மட்டும் நான்.

பன்னிரண்டு வருஷத்துப் பழைய 100 சிசி வண்டி. காலை அஞ்சரைக்கு மில் ஷிஃப்டுக்கு அப்பா அதில்தான் கிளம்புவார். சைலன்சர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் புகை கசிந்து ஒரே படபட சத்தம். கேஸ்கெட் மாத்தற வேலைக்கு மெக்கானிக் எதுக்குன்னு நானே பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். நட் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி நல்லா ஒரு அழுத்து அழுத்தினேன். திடீர்னு லேசாகச் சுற்றியது. கழண்டுருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். பார்த்தால், ஸ்டட் பாதியில் ஒடிந்து மீதி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே நிற்கிறது.

சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "ஹெட்டையே மாத்திரலாம் தம்பி" என்றார்கள். ஹெட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். அந்த வாரம்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருந்தோம். அப்பா திட்டவில்லை. மறுநாள் நாலு மணிக்கே எழுந்து பஸ்ஸுக்கு நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கோவையில் லேத்துக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லி, கணபதி பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஒடிந்த இடத்தில் எண்ணெய் விட்டு, "ராத்திரி முழுக்க ஊறட்டும் கண்ணு, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் ஹெட்டைச் சூடாக்கி, ஒடிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்தார். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. அதனால் ஓட்டை விரிந்து பிடி தளர்கிறது. அந்த நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். துண்டு வந்துவிட்டது.

கூடவே ஹெட்டின் மரையும் தூளாகக் கொட்டியது! எனக்கு உயிரே போச்சு. அவர் அலட்டிக்கொள்ளாமல் ஒரு கம்பிச்சுருளை எடுத்தார். ஹெலிகாயில் என்று பேர். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டி, இந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருளைத் திருகி இறக்குகிறார்கள். சுருளின் உள்பக்கம் பழைய 6 மில்லி அளவுக்கே மரையாக நிற்கும். மிருதுவான அலுமினிய மரையைவிட இது பலமாகவே இருக்கும். விமான எஞ்சின்களிலும் இதே மாதிரிச் சுருள்கள் உண்டு. மொத்தச் செலவு 600 ரூபாய்.

இப்போ என் கணக்குப் பாடத்துக்கு வருகிறேன். ஒரு 6 மில்லி ஓட்டைக்காக, வால்வெல்லாம் நன்றாக வேலை செய்கிற முழு ஹெட்டையும் எடைக்குப் போடச் சொன்னார்கள். ஏன்? பார்ட் மாற்றினால் நேரம் நிச்சயம், பார்ட்டில் லாபம் நிச்சயம். ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவிடும் பொறுமைக்குப் பில்லில் இடமில்லை.

அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. ஒடிந்த ஸ்டட்டை எடுக்கிற ஈஸி அவுட் உள்ளேயே முறிந்தால் தொல்லை இரட்டிப்பு, அது சாதாரண டிரில்லுக்கு மசியாது. டிரில் சாய்ந்தால் ஹெட் பாழ். ஹெட்டில் விரிசல் இருந்தால் மாற்றித்தான் ஆகணும். நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டு வழியையும், இரண்டுக்கும் ஆகிற செலவையும் சொல்லுங்க, முடிவை நாங்க எடுக்கிறோம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக அமைத்த குழு எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனங்களும் இருந்தன. அந்த உரிமை இந்தச் சின்ன ஓட்டையில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. மரை போவது பெரும்பாலும் நம்ம கைப்பலத்தால்தான். எஞ்சினில் 6 மில்லி போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ அழுத்தம். நாம் காலை ஊன்றி, பல்லைக் கடித்து முறுக்குகிறோம். ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டுக்கும் இதே கதிதான். அப்புறம் எம்-சீல் அப்பிக்கொண்டு அலைகிறோம். பெரியவர் புது ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவித்தான் நட்டைப் போட்டார். அடுத்த தடவை கழட்டுகிறவன் என்னைப்போல ஒடிக்கக் கூடாதாம்!

இப்போ வண்டியில் அந்தப் படபட சத்தம் இல்லை. அஞ்சரைக்கு அப்பா கிளம்புவதுகூட எனக்குக் கேட்பதில்லை. ஸ்பேனர் பெட்டியை மட்டும் அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார்.

உங்க வண்டியில் மரை போனபோது என்ன செய்தீங்க? மாத்தினீங்களா, சரி பண்ணினீங்களா? சொல்லுங்க.