பீரியட் மட்டும் பார்த்தா போதுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்ல தக்காளி விலைக் கணிப்பு கட்டாயம் ஒண்ணு இருக்கும். டேட்டாவை இறக்கு, மாடல்ல போடு, எத்தனை சீசனுக்கு ஒருமுறை விலை திரும்புதுன்னு ஒரு எண்ணைச் சொல்லு, ரிவ்யூ முடிஞ்சுது. அந்த ஒரு எண் போதாது என்பதுதான் என் கட்சி.

நேரு வீதி பக்கம் இருக்கும் நம்ம பெரிய மார்க்கெட்டையே எடுத்துக்கலாம். ஒரு கணக்குக்காக, தக்காளி கிலோ 10, 20, 30, 40 ரூபாய்னு நாலு விலையில சுத்துதுன்னு வெச்சுப்போம். இந்த சீசன் விலையைப் பார்த்துத்தான் விவசாயி அடுத்த பயிர் வைக்கிறார். அதனால அடுத்த விலை, இப்போதைய விலையோட ஒரு கன்டினியூஸ் ஃபங்ஷன்.

முதல் சுற்று: 10, 20, 30, 40, மறுபடி 10.
இரண்டாவது சுற்று: 10, 30, 20, 40, மறுபடி 10.

ரெண்டுக்கும் பீரியட் 4தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

முதல் சுற்றுல 30 போய் 40 ஆகுது, 40 போய் 10 ஆகுது. அப்போ 30க்கும் 40க்கும் நடுவுல இருக்கும் விலைகள் 10 முதல் 40 வரை மொத்தத்தையும் மூடியாகணும். அதுல சில விலைகள் முதல்ல 10–20க்குள்ள, அப்புறம் 20–30க்குள்ள, அப்புறம் 30–40க்கே திரும்பும். அங்கே மூணு சீசன்ல தன்கிட்டயே வந்து சேர்ற ஒரு விலை நிச்சயம் உண்டு. இதுக்குத் தேவை முதல் வருஷம் படிச்ச இடைமதிப்புத் தேற்றம் மட்டும்தான்.

பீரியட் 3 வந்துட்டா எல்லா பீரியடும் வந்தாகணும். இதை 1964லயே உக்ரைன்காரர் ஷார்கோவ்ஸ்கி நிரூபிச்சுட்டார். அது தெரியாமலே 1975ல லீயும் யார்க்கும் அமெரிக்காவுல இதையே கண்டுபிடிச்சு, ‘கேயாஸ்’ங்கிற பேரையும் கணக்குக்குள்ள கொண்டு வந்தாங்க.

இரண்டாவது சுற்றுல கீழ் விலை ரெண்டும் மேல போகும், மேல் விலை ரெண்டும் கீழ வரும். அந்த நாலு புள்ளிகளை நேர்கோட்டால இணைச்சா பீரியட் 1, 2, 4 மட்டும்தான் கிடைக்கும். மூணுக்கு இடமே இல்ல. அதாவது எதை எது கட்டாயப்படுத்துதுன்னு முடிவு பண்றது நீளம் மட்டும் இல்ல, வரிசையும்தான்.

உடனே ‘தக்காளி விலையில கேயாஸ்’னு தலைப்பு வெச்சுடாதீங்க. தேற்றம் ‘அப்படி ஒரு சுற்று இருக்கு’ன்னுதான் சொல்லுது, ‘கண்ணுல படும்’னு சொல்லல. அதோட இது ஒரே எண்ணால நடக்குற விதிக்கு மட்டும். தட்டை 120 டிகிரி சுத்துங்க: மையத்தைத் தவிர எல்லாப் புள்ளிக்கும் பீரியட் 3, வேற ஒண்ணும் கிடையாது. நிஜ விலையில மழையும் இருக்கு, லாரி வாடகையும் இருக்கு.

அதனால ஜூனியர்ஸ், மாடலை ஓட்டும் முன்னாடி ஒரு கிராஃப் போடுங்க. குறுக்கே இந்த சீசன் விலை, நெடுக்கே அடுத்த சீசன் விலை. ஒரே விலைக்கு ரெண்டு பதில் வந்தா, ஒரு எண் விதி அங்கே இல்ல, தேற்றத்தை இழுக்காதீங்க. ஒரு கோடு மாதிரி அமைஞ்சா, வரிசையைப் படிங்க. அரை மணி நேர வேலைதான். ரெண்டு மாசம் மாடல் ஓட்டினாலும் தெரியாத விஷயம் அதுல தெரியலாம்.